கிரிப்டோ வாலட்டைத் தேர்ந்தெடுப்பதும் காப்பதும்: புதியவர்கள் கேட்கும் கேள்விகள்

கிரிப்டோ வாங்கி விற்கும் தளமான ஏதேனும் ஓர் இந்திய எக்ஸ்சேஞ்சில் கணக்குத் தொடங்கி, கொஞ்சம் பிட்காயினோ ஈத்தரோ டாலர் மதிப்பை ஒட்டியே நிற்கும் யூஎஸ்டிடியோ வாங்கிவிட்டு, இனி இதை எங்கே வைப்பது என்று யோசிப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கிரிப்டோ வாங்கலாமா கூடாதா என்ற வாதத்துக்குள் நான் நுழையவில்லை. வாங்கியதைக் கைநழுவ விடாமல் வைத்துக்கொள்வது எப்படி என்பது மட்டுமே இங்கே பேச்சு.

வாலட் என்பது உண்மையில் என்ன? நாணயம் அதற்குள்தான் இருக்கிறதா?

இல்லை. பெயர்தான் பணப்பை, உள்ளே பணம் கிடையாது. பிட்காயினின் கணக்கேடு 2009 ஜனவரி 3 அன்று தொடங்கியது. அதன் நகல்கள் உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் இருக்கின்றன, உங்கள் நாணயமும் அந்த ஏட்டில் ஒரு பதிவாகவே இருக்கிறது. நிலத்தை யாரும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவதில்லை. அது யாருடையது என்ற பதிவு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. இங்கும் ஏறக்குறைய அதே கதைதான், ஆனால் சார்பதிவாளர் இல்லை. அவர் செய்யும் ஆள் அடையாளச் சரிபார்ப்பை ஓர் எண் செய்கிறது. அந்த எண்ணுக்குத் தனிச்சாவி என்று பெயர். 256 பிட் நீளமுள்ள அதைச் சாதாரண எண்ணாக எழுதினால் 78 இலக்கங்கள் வரை போகும். அந்த எண்ணைக் கொண்டு கையெழுத்திடப்பட்ட உத்தரவை வலையமைப்பு நிறைவேற்றும். கையெழுத்திட்டது நீங்களா, திருடனா என்று அது கேட்காது.

வாலட் என்பது இந்தச் சாவியைப் பாதுகாத்து, தேவைப்படும்போது கையெழுத்திடும் ஒரு செயலி அல்லது கருவி, அவ்வளவுதான். யூபிஐ செயலியில் பின் எண்ணை மறந்தால் வங்கி புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ள விடும், ஏனென்றால் பணம் வங்கியிடம் இருக்கிறது, நீங்கள் யார் என்பதும் வங்கிக்குத் தெரியும். சொந்த கிரிப்டோ வாலட்டில் அப்படி முறையிட ஒருவரும் இல்லை. சாவி எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்ற ஒரே கேள்வியைத்தான் கீழே வெவ்வேறு கோணங்களில் பார்க்கப் போகிறோம்.

எக்ஸ்சேஞ்ச் செயலியிலேயே என் இருப்பு தெரிகிறது. அதுவும் வாலட்தானே?

வாலட்தான், ஆனால் அவர்களுடையது. சாவிகளை எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கிறது. உங்கள் திரையில் தெரியும் எண், உங்களுக்கு அவர்கள் இவ்வளவு தர வேண்டும் என்ற கணக்குக் குறிப்பு. எல்லாம் நன்றாக நடக்கும்வரை இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

வேறுபாடு தெரிந்த நாள்கள் உண்டு. டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் 2014 பிப்ரவரியில் கதவை மூடியபோது, சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்றது. பிறகு 2,00,000 மட்டும் ஒரு பழைய வாலட்டில் கிடைத்தன. கனடாவின் குவாட்ரிகாசிஎக்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தார். வாலட்டுகளின் கடவுச்சொற்கள் அவருக்கு மட்டுமே தெரியும் என்று முதலில் சொல்லப்பட்டது. கணக்காய்வாளர்கள் தேடியபோது முக்கிய வாலட்டுகள் முன்பே காலியாக இருந்தன. வாடிக்கையாளர் பணத்தை அவர் மோசடி வணிகத்தில் இழந்திருந்தார் என்று ஒன்டாரியோவின் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2020-இல் அறிக்கை அளித்தது. எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் 2022 நவம்பரில் திவாலானது.

நமக்கு மிக அருகில் நடந்தது வசீர்எக்ஸ் திருட்டு. 2024 ஜூலை 18 அன்று அதன் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. அந்த வாலட்டில் பணம் நகர ஒருவர் கையெழுத்து மட்டும் போதாது, பலர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்; இருந்தும் களவு போனது. தளம் பணம் எடுப்பதை நிறுத்தியது. சிங்கப்பூர் நீதிமன்றத்தில் மறுசீரமைப்புத் திட்டம் நடந்து முடிந்து 2025 அக்டோபரில்தான் வணிகம் மீண்டும் தொடங்கியது. திருடப்பட்ட நாணய வகையைத் தொடவே தொடாதவர்களும் சேர்ந்தே காத்திருந்தார்கள். அப்படி ஒருவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ நாணயம் சொத்து என்ற வரையறைக்குள் வரும், பிறருக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கத் தக்கது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது. உரிமையாளர்களுக்குப் பெரிய ஆறுதல்தான்; ஆனாலும் தனிச்சாவி கையில் இருந்திருந்தால் அந்த மனிதர் வழக்கறிஞரைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லோரும் சொந்த வாலட்டுக்கு மாறிவிட வேண்டுமா?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சொந்த வாலட்டில் திருட்டைவிட மறதி பெரிய பகை. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹவல்ஸ் 2013-இல் சுமார் 8,000 பிட்காயின்களின் சாவி இருந்த ஹார்டு டிஸ்க்கைக் குப்பையோடு இழந்தார். குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் தொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவரை யாரும் ஏமாற்றவில்லை.

இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கிப் பார்ப்பவர் எக்ஸ்சேஞ்சிலேயே வைத்திருப்பதில் தவறில்லை. பிட்காயின் வலையமைப்பின் கட்டணம் அனுப்பும் தொகையைப் பொறுத்ததன்று, உத்தரவின் அளவையும் அன்றைய நெரிசலையும் பொறுத்தது. ஆகவே சிறு தொகையைச் சொந்த வாலட்டுக்கு மாற்றினால் அதில் கணிசமான பங்கு கட்டணத்துக்கே போய்விடும். போனால் வீட்டில் சொல்லத் தயங்குவீர்கள் என்ற அளவுக்குத் தொகை வளர்ந்ததும் சொந்த வாலட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம் என்பது என் அளவுகோல். ஒருவருக்கு அது இருபதாயிரமாக இருக்கலாம், இன்னொருவருக்கு இரண்டு லட்சமாக இருக்கலாம்.

எக்ஸ்சேஞ்சிலேயே வைக்க முடிவு செய்தாலும் இரண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023 மார்ச் முதல் இத்தகைய நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் (பிஎம்எல்ஏ) கீழ் வந்துவிட்டதால், ஒன்றிய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் அவை பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் நிறுவனம் செய்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, நாணயத்தை வெளி வாலட்டுக்கு அனுப்ப அந்தத் தளம் அனுமதிக்கிறதா என்பதைப் பணம் போடுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். வாங்கவும் விற்கவும் மட்டும் விட்டு, வெளியே எடுக்க விடாத தளங்களும் நம் நாட்டில் இயங்கியிருக்கின்றன.

மொபைல், பிரவுசர், ஹார்டுவேர் என்று பல வகை சொல்கிறார்கள். எதை எடுப்பது?

சாவி இணையத்தோடு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதுதான் இவற்றுக்குள் உள்ள வேறுபாடு. மொபைல் வாலட்டில் சாவி உங்கள் போனில் இருக்கிறது. பிரவுசரில் இணைக்கும் மெட்டாமாஸ்க் போன்றவற்றில் அது கணினியில் இருக்கிறது. நீங்கள் திறக்கும் இணையதளங்கள் எல்லாம் அதன் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஹார்டுவேர் வாலட்டில் சாவி ஒரு சிறு கருவிக்குள் உருவாகி அங்கேயே தங்குகிறது: கணினி உத்தரவை அனுப்பும், கருவி உள்ளேயே கையெழுத்திட்டுக் கையெழுத்தை மட்டும் வெளியே தரும்.

பெரும்பாலான புதியவர்களுக்கு மொபைல் வாலட்டே சரியான தொடக்கம். கணினியைவிட போனில் ஒரு செயலி மற்றொரு செயலியின் தரவை எட்டிப் பார்ப்பது கடினம். தெரியாத மூலத்திலிருந்து ஏபிகே கோப்பு (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) எதையும் நிறுவாத, ரூட் செய்யப்படாத, அதாவது தயாரிப்பாளர் போட்ட பூட்டுகள் உடைக்கப்படாத, புதுப்பிப்புகள் இன்னமும் வந்துகொண்டிருக்கும் போனாக இருக்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் பழைய போனில் வாலட் வைப்பதைத் தவிர்க்கவும். தொகை, ஒரு ஹார்டுவேர் வாலட்டின் விலையைப் போல் பத்து இருபது மடங்கு ஆகும்போது அதை வாங்கிக்கொள்ளலாம்; அன்றாடச் சில்லறையை போனிலும் மற்றதைக் கருவியிலும் வைப்பதே பழகியவர்களின் வழக்கம்.

செயலிக் கடையில் நூறு வாலட்டுகள் இருக்கின்றன. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் உங்கள் நாணயத்தைப் பாருங்கள். பிட்காயின் மட்டும் வைத்திருப்பவருக்கு எலக்ட்ரம், ப்ளூவாலட் போன்று பிட்காயினை மையமாகக் கொண்டவை போதும். ஐம்பது வலையமைப்புகளைத் தாங்கும் செயலி அவருக்குத் தேவையற்ற ஐம்பது கதவுகள். ஈத்தரும், அதன் வலையமைப்பான எத்தீரியத்தின்மேல் இயங்கும் மற்ற நாணயங்களான டோக்கன்களும் வைத்திருப்பவருக்கு மெட்டாமாஸ்க் வகையும், சோலானா என்ற வலையமைப்பின் நாணயங்களுக்கு ஃபேன்டம் வகையும் பொருந்தும்.

அடுத்து, மூலநிரல் வெளிப்படையாக இருக்கிறதா, பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2022 ஆகஸ்டில் சோலானாவின் ஸ்லோப் என்ற மொபைல் வாலட்டைப் பயன்படுத்திய ஆயிரக்கணக்கானோரின் நாணயங்கள் ஓரிரவில் மறைந்தன. வாலட்டையே திறந்துவிடும் பயனரின் மீட்புச் சொற்களை (அவை என்ன என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) அச்செயலி தன் நிறுவனத்தின் பதிவேட்டுக் கணினிக்கு மறைகுறியாக்கம் இல்லாமல் அனுப்பிவந்தது பிறகுதான் தெரியவந்தது. பயனர் ஒரு பிழையும் செய்யவில்லை. செயலியைத் தேர்ந்தெடுத்ததே பிழையாகிவிட்டது.

பெயர் சரியாக இருந்தாலும் செயலி போலியாக இருக்கலாம். 2023 நவம்பரில் ஹார்டுவேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் செயலியைப் போலவே தோற்றமளித்த போலி ஒன்று மைக்ரோசாஃப்டின் அதிகாரபூர்வக் கடையிலேயே இருந்து, லட்சக்கணக்கான டாலர்களைச் சுருட்டியது. கடையில் பெயரைத் தட்டித் தேடாதீர்கள், கூகுளில் மேலே வரும் விளம்பரத்தையும் தொடாதீர்கள். நிறுவனத்தின் இணையதள முகவரியைக் கையால் தட்டிச் சென்று, அங்கிருக்கும் இணைப்பின் வழியாகவே செயலியை இறக்குங்கள்.

வாலட்டைத் திறந்ததும் பன்னிரண்டு சொற்களைக் காட்டி எழுதிக்கொள்ளச் சொல்கிறது. அவை என்ன?

அவைதான் வாலட். சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான இழப்புகள் இங்கேதான் நடக்கின்றன.

சீட் ஃப்ரேஸ் என்றும் மீட்புச் சொற்கள் என்றும் அழைக்கப்படும் இவை, 2013-இல் முன்மொழியப்பட்ட பிஐபி 39 என்ற முறைப்படி, 2,048 சொற்கள் கொண்ட நிலையான பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் எடுக்கப்படுகின்றன. பன்னிரண்டு சொற்களில் 128 பிட் தற்செயல் தன்மை இருக்கிறது. அத்தனை வாய்ப்புகளை எண்ணினால் 39 இலக்க எண் வரும், எந்தக் கணினியும் அதை முயன்று பார்த்து முடிக்காது. உங்கள் எல்லாச் சாவிகளும் இந்தச் சொற்களிலிருந்து கணக்கிடப்படுவதால், போன் உடைந்தாலும் கருவி தொலைந்தாலும் புதிய வாலட் ஒன்றில் இவற்றை அதே வரிசையில் தட்டினால் எல்லாம் திரும்பி வரும். வேறொருவர் தட்டினாலும் வரும். உங்கள் போனின் கைரேகைப் பூட்டோ, செயலியின் பின் எண்ணோ, அவர் வேறொரு போனில் தட்டுவதைத் தடுக்காது. இது பலருக்கு உறைப்பதில்லை.

இந்தப் பட்டியல் ஆங்கிலம், ஜப்பானியம், ஸ்பானியம் போன்ற சில மொழிகளில் இருக்கிறது, தமிழில் இல்லை. ஆகவே ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும். என் நண்பர் ஒருவர் வசதிக்காகச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஓராண்டு கழித்துப் போன் பழுதானபோது ஒரு சொல்லில் சிக்கினார். பாரந்தூக்கியைக் குறிக்கும் சொல்லும் தானியத்தைக் குறிக்கும் சொல்லும் பட்டியலில் இருக்கின்றன, நம் எழுத்தில் இரண்டையும் கிரேன் என்றுதான் எழுத வரும், ஒரே ககரம். இரண்டையும் தட்டிப் பார்த்ததில் ஒன்று செல்லவில்லை. கடைசிச் சொல்லுக்குள் ஒரு சிறு சரிபார்ப்புக் கணக்கு ஒளிந்திருப்பதால் தவறான தொகுப்புகளில் பெரும்பாலானவற்றை வாலட் மறுத்துவிடும். அன்று அது அவரைக் காப்பாற்றியது. இப்படி நான்கைந்து சொற்கள் குழம்பியிருந்தால் மாலை முழுதும் உட்கார்ந்திருப்போம். ஆங்கிலச் சொற்களின் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றுக்கொன்று வேறுபடும்படி பட்டியல் தயாரிக்கப்பட்டிருக்கிறது. எனவே பெரிய எழுத்தில், வரிசை எண்ணோடு, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினால் போதும்.

எழுதியதை எங்கே வைப்பது? போனில் படம் எடுத்து வைக்கலாமா?

படம் எடுக்கவே கூடாது. எடுத்த மறுகணம் அது கூகுள் போட்டோஸுக்கோ ஐகிளவுடுக்கோ ஏறிவிடக்கூடும். நீங்கள் போனில் அழித்தாலும் குப்பைத் தொட்டியில் சில வாரங்கள் கிடக்கும். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்புவது, ஜிமெயிலில் வரைவாக வைப்பது, குறிப்புச் செயலியில் எழுதுவது எல்லாமே இதே கணக்குதான். ஜெராக்ஸ் கடையிலும் லேமினேஷன் கடையிலும் அந்தத் தாளைக் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சிலர் கொடுத்திருக்கிறார்கள்.

தாளில் கையால் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வங்கி லாக்கரிலோ முழுமையாக நம்பும் உடன்பிறப்பின் வீட்டிலோ வைப்பது சாதாரணத் தொகைகளுக்குப் போதும். தாளுக்கு நெருப்பும் வெள்ளமும் கரையானும் எதிரி. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்து அலமாரிகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொகை பெரிதானால் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் எழுத்துகளை அடித்துப் பதிக்கலாம். இதற்கான எழுத்து அச்சுகள் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். பாத்திரக் கடையில் எவர்சில்வரில் பெயர் வெட்டித் தருபவரிடம் கொண்டுபோய்ப் பன்னிரண்டு சொற்களையும் வெட்டச் சொல்லிவிடாதீர்கள். சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

ஆறு சொற்களை ஓரிடத்திலும் ஆறு சொற்களை வேறிடத்திலும் பிரித்து வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கெட்டிக்காரத்தனமாகத் தோன்றினாலும் இது இரண்டு பக்கமும் கெடுக்கும்: ஒரு பாதி தொலைந்தால் மொத்தமும் போயிற்று, ஒரு பாதி திருடன் கையில் கிடைத்தால் மீதியைக் கண்டுபிடிக்கும் வேலை அவனுக்குப் பல கோடி கோடி மடங்கு எளிதாகிவிட்டது. பிரித்து வைத்தே ஆக வேண்டுமென்றால், மூன்று சாவிகளில் ஏதேனும் இரண்டு சேர்ந்தால் மட்டும் பணம் நகரும் மல்ட்டிசிக் முறை அதற்காகவே இருக்கிறது. ஆனால் அது முதல் ஆண்டுக்கான பாடம் அன்று.

"இருபத்தைந்தாவது சொல்" என்கிறார்களே, அது தேவையா?

மீட்புச் சொற்களோடு நீங்களாகச் சேர்க்கும் கூடுதல் கடவுச்சொல் அது. சில வாலட்டுகள் பன்னிரண்டுக்குப் பதில் இருபத்துநான்கு சொற்கள் தருவதால் இந்தப் பெயர். தாள் திருடு போனாலும் அந்தச் சொல் இல்லாமல் நாணயத்தைத் தொட முடியாது. சிக்கல் என்னவென்றால், ஓர் எழுத்து மாறினாலும் வாலட் தவறு என்று சொல்லாது. காலியான வேறொரு வாலட்டைத் திறந்து காட்டும். தொடக்கத்தில் வேண்டாம்.

ஹார்டுவேர் வாலட்டை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பிராகில் தயாரான ட்ரெசர் 2014-இல் வெளிவந்தது. பாரிஸைச் சேர்ந்த லெட்ஜரும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று வேறு பல நிறுவனங்களும் உள்ளன. எதை எடுத்தாலும் தயாரிப்பாளரிடமோ அவர் தன் தளத்தில் பெயர் குறிப்பிட்டுள்ள விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பயன்படுத்திய கருவியைத் தள்ளுபடியில் வாங்காதீர்கள். பெட்டிக்குள் மீட்புச் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்ட அட்டை இருந்தால் அது மோசடி, ஐயமே வேண்டாம். சொற்களை உங்கள் கண்முன் கருவிதான் உருவாக்க வேண்டும்.

கருவி திருடு போனால் பதற வேண்டியதில்லை. பின் எண்ணை மூன்று முறை தவறாகத் தட்டினால் லெட்ஜர் தன்னையே அழித்துக்கொள்ளும். ட்ரெசர் இன்னும் சில முறை பொறுக்கும். நிறுவனமே மூடப்பட்டாலும் அதே சொற்களை அதே முறையைப் பின்பற்றும் இன்னொரு நிறுவனத்தின் கருவியில் மீட்கலாம்.

பணம் போடுவதற்கு முன் ஓர் ஒத்திகை பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். மிகச் சிறிய தொகையை அனுப்பி, கருவியை வேண்டுமென்றே அழித்து, தாளில் எழுதிய சொற்களைக் கொண்டு மீட்டெடுத்து, அந்தத் தொகை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. எழுத்துப்பிழை இருந்தால் அன்றே தெரிந்துவிடும்.

இன்னொன்று: இத்தகைய கருவி வாங்கினீர்கள் என்ற செய்தியே மதிப்புள்ள தகவல். 2020-இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் தரவு கசிந்து, சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை இணையத்தில் கொட்டப்பட்டன. அடுத்த ஆண்டு அவர்களில் சிலரின் வீட்டுக்கே, பழையது பாதுகாப்பில்லை என்ற கடிதத்தோடு போலிக் கருவிகள் அஞ்சலில் வந்தன. கருவிகளுக்குள் இருந்த சாவிகள் கசியவில்லை என்பது உண்மை; முகவரியும் தொலைபேசி எண்ணும் கிடைத்ததே மோசடிக்காரர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

எக்ஸ்சேஞ்சிலிருந்து என் வாலட்டுக்கு அனுப்பும்போது தவறு நேராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

வலையமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். யூஎஸ்டிடி ஒரே நாணயம்போலத் தெரிந்தாலும் எத்தீரியம், ட்ரான், பிஎன்பி செயின் என்று பல தண்டவாளங்களில் ஓடுகிறது. அனுப்பும் பக்கமும் பெறும் பக்கமும் ஒரே தண்டவாளத்தில் இருக்க வேண்டும். எத்தீரியமும் பிஎன்பி செயினும் ஒரே வடிவ முகவரியை (பணம் வந்து சேர வேண்டிய வாலட்டைக் குறிக்கும் நீண்ட எழுத்துச் சரம்) பயன்படுத்துவதால் திரை உங்களைத் தடுக்காது. சொந்த வாலட்டில் தவறான தண்டவாளத்தில் வந்து இறங்கினாலும் சாவி உங்களிடம் இருப்பதால் பெரும்பாலும் மீட்கலாம். எக்ஸ்சேஞ்சின் முகவரிக்குத் தவறாக அனுப்பினால் அவர்களின் தயவை நாட வேண்டியதுதான். யூஎஸ்டிடியை வெளியே அனுப்ப, அந்தந்த வலையமைப்பின் சொந்த நாணயம் கட்டணத்துக்குத் தேவை என்பதையும் மறக்க வேண்டாம்: எத்தீரியத்தில் கொஞ்சம் ஈத்தர், ட்ரானில் கொஞ்சம் டிஆர்எக்ஸ். அது இல்லாமல் பணம் கண்ணுக்குத் தெரியும், நகராது.

முகவரியைக் கையால் தட்டாமல் நகலெடுத்து ஒட்டுகிறோம். அதை அறிந்து, நகலெடுத்த முகவரியை நொடியில் தன் முகவரியாக மாற்றிவிடும் தீநிரல்கள் உண்டு. முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் பழக்கத்தையும் திருடர்கள் அறிவார்கள். உங்கள் வழக்கமான முகவரியைப் போலவே தொடங்கி முடியும் ஒரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து சொற்பத் தொகையை அனுப்பி, உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் உட்கார வைத்துவிடுவார்கள். அடுத்த முறை பட்டியலிலிருந்து நகலெடுத்தால் பணம் அவர்களுக்கு. 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படி சுமார் 6.8 கோடி டாலரை அனுப்பிவிட்டார். ஊரே பேசியதால் திருடன் பிறகு திருப்பிக் கொடுத்தான், எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. பழைய பட்டியலிலிருந்து முகவரி எடுக்காதீர்கள், நடுப்பகுதியையும் ஒப்பிடுங்கள், பெரிய தொகைக்கு முன் சிறிய தொகையை அனுப்பி வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு மீதியை அனுப்புங்கள்.

வாலட்டை ஓர் இணையதளத்தோடு இணைத்தாலே பணம் போய்விடுமா?

இணைப்பதால் மட்டும் போகாது. அத்தளம் உங்கள் முகவரியையும் இருப்பையும் பார்க்கும், அவ்வளவுதான். அடுத்து வரும் கையெழுத்துக் கோரிக்கைதான் அபாயம். எத்தீரியம் வகை வலையமைப்புகளில் உங்கள் டோக்கனை எடுத்துச் செலவிட இன்னொரு நிரலுக்கு அனுமதி கொடுக்கலாம். பல தளங்கள் அதை வரம்பில்லாமல் கேட்கின்றன. இலவச நாணயம் தருகிறோம் என்று அழைக்கும் போலித் தளம் கேட்பதும் அதே அனுமதியைத்தான். ஒருமுறை கொடுத்தால் நீங்களாக ரத்து செய்யும்வரை அது செல்லும்.

புரியாததில் கையெழுத்திடுவது பெரியவர்களையும் வீழ்த்தியிருக்கிறது. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தர் களவு போனது. வட கொரியாவின் வேலை என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கூறியது. கையெழுத்திட்டவர்கள் ஹார்டுவேர் கருவிகளைத்தான் பயன்படுத்தினார்கள். கணினித் திரையில் வழக்கமான மாற்றம்போலத் தெரிந்தது, கருவிக்குள் போனதோ வேறு உத்தரவு. எனவே கருவியின் சிறு திரையில் தெரியும் முகவரியும் தொகையுமே உண்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே படித்துப் புரியாவிட்டால் ரத்துப் பொத்தானை அழுத்துங்கள். புதிய தளங்களைச் சோதிக்கச் சில்லறைத் தொகையுள்ள தனி வாலட் ஒன்று இருக்கட்டும்.

டெலிகிராமில் வாலட் நிறுவனத்தின் உதவி மையம் என்று ஒருவர் பேசினார். மீட்புச் சொற்களைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. உண்மையான எந்த நிறுவனத்துக்கும் அவை தேவைப்படாது. பிழையைச் சரிபார்க்க, வாலட்டை ஒத்திசைக்க, புதுப்பிக்க என்று சொற்களைத் தட்டச் சொல்லும் இணையப் படிவங்களும் இதே கூட்டம்தான்.

எக்ஸ்சேஞ்ச் கணக்குக்கு எஸ்எம்எஸ் ஓடிபி போதுமா?

போதாது. உங்கள் எண்ணுக்குப் போலிச் சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவர்களுக்குப் போகும். போனிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் அங்கீகாரச் செயலியையோ, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியின் பூட்டைக் கொண்டு நுழையும் பாஸ்கீயையோ பயன்படுத்துங்கள். அந்தக் கணக்கின் மின்னஞ்சலுக்கும் அதே பாதுகாப்பைக் கொடுங்கள். வெளியே அனுப்பும் முகவரிகளை முன்கூட்டியே பதிந்துவைக்கும் வசதி இருந்தால் அதையும் இயக்கிவிடுங்கள்.

சொந்த வாலட்டுக்கு மாற்றினால் வரி உண்டா?

உங்கள் கணக்கிலிருந்து உங்கள் வாலட்டுக்கே நகர்த்துவது விற்பனை ஆகாது. விற்கும்போதும், ஒரு நாணயத்தைக் கொடுத்து வேறொன்றை வாங்கும்போதும் வரி வருகிறது: 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும், அதே ஆண்டு ஜூலை முதல் குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட விற்பனைத் தொகைக்கு 1 சதவீத டிடிஎஸ்ஸும். ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. வாங்கிய விலையை மட்டுமே கழிக்கலாம் என்பதால், எந்தத் தேதியில், என்ன விலைக்கு, எந்தத் தளத்தில் வாங்கி எந்த முகவரிக்கு மாற்றினீர்கள் என்ற கணக்கை ஒரு தாளிலாவது எழுதி வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் மூடிவிட்டால் பழைய அறிக்கையை யாரிடம் கேட்பது?

திருடு போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

அந்த வாலட்டில் ஏதாவது மிச்சமிருந்தால், புதிய சொற்களோடு புதிய வாலட்டை வேறொரு கருவியில் உருவாக்கி உடனே மாற்றுங்கள்; பழைய சொற்களைக் கொண்டு செயலியை மறுபடி நிறுவுவது பயனற்றது. அதன்பின் 1930 என்ற தேசிய உதவி எண்ணிலோ, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ புகார் கொடுங்கள். பரிவர்த்தனைக் குறியீட்டையும் திருடனின் முகவரியையும் கையோடு வைத்திருங்கள். பணம் ஏதாவது ஓர் எக்ஸ்சேஞ்சுக்குள் போயிருந்தால் அதை முடக்கச் சில மணி நேரங்களே கிடைக்கும். முன்பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறோம் என்று தேடி வருபவர்கள், பாதிக்கப்பட்டவர்களையே இரண்டாவது முறை ஏமாற்றுபவர்கள்.

எனக்கு ஏதாவது நேர்ந்தால் குடும்பத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்?

வங்கிக் கணக்கில் நாமினியைப் போடுகிறோம். சொந்த வாலட்டில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. வாரிசுச் சான்றிதழைக் காட்டி யாரிடமும் சாவி கேட்க முடியாது. சொற்களை உயிலில் எழுதுவதும் சரியன்று. உயில் பல கைகளைக் கடந்து போகும். இப்படி ஒன்று இருக்கிறது, இந்தப் பெயருள்ள வாலட், சொற்கள் எழுதிய உறை லாக்கரில் இன்ன இடத்தில் இருக்கிறது, அதைத் திறப்பதற்கு முன் யாரோடும் போனில் பேச வேண்டாம், நேரில் உதவக்கூடியவர் இன்னார் என்று எளிய தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, காப்பீட்டுப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வைக்கலாம். சொற்கள் அந்தக் கடிதத்தில் இருக்கக் கூடாது, வழி மட்டும் இருக்கட்டும். லாக்கரில் மனைவியோ கணவரோ கூட்டு உரிமையாளராக இருக்கிறாரா என்று பாருங்கள். எழுதி முடித்ததும் அவரிடம் கடிதத்தைக் கொடுத்து, உங்கள் உதவியில்லாமல் ஒருமுறை ஒத்திகையில் போட்டது போன்ற சிறிய தொகையை மீட்கச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் நின்று உங்களை நிமிர்ந்து பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.